சின்னக் கால்களுக்கு ஏற்ற சென்னை: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வெளியே போக முழுமையான வழிகாட்டி

மகளுக்கு இரண்டரை வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டலூர், சாயங்காலம் மெரினா, நடுவில் ஒரு கோயில் என்று திட்டம் போட்டுக் கிளம்பினோம். வீட்டை விட்டு இறங்கவே பத்து மணி ஆகிவிட்டது. வண்டலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. புலி இருக்கும் இடம் வருவதற்குள் அப்பா தோளில் தூங்கிப்போனாள். எழுப்பினால் அழுகை, தூக்கி நடந்தால் எங்களுக்கு மூச்சிரைப்பு. இரவு அம்மாச்சி போனில், "என்னடி தங்கம் பாத்த?" என்று கேட்டார். "அணில்" என்றாள். எங்கள் மொட்டைமாடிக்குத் தினமும் வருகிற அதே அணில்.

இப்போது அவளுக்கு ஆறு வயது, தம்பிக்கு இரண்டு முடிந்துவிட்டது. நடுவில் போன வருடங்களில் சென்னையை அங்குலம் அங்குலமாகச் சுற்றியிருக்கிறோம். அந்த அணில்தான் பாடம் சொல்லிக் கொடுத்தது. சின்னப் பிள்ளையோடு போகும்போது ஒரு நாளைக்கு ஒரே இடம், அந்த இடத்தில் அதிகபட்சம் இரண்டு மணி நேரம், புறப்படுவதும் திரும்புவதும் பிள்ளையின் பசி, தூக்கத்தை வைத்து. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் எளிதாகிவிடும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

படி 1: முதலில் பிள்ளையின் நாளை எழுதிப் பாருங்கள்

போகிற இடத்தைத் தேடுவதற்கு முன்னால் மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது பசிக்கிறது, எப்போது கண்ணைக் கசக்குகிறது, எந்த நேரத்தில் வெளிக்குப் போகிறது. மூன்றாம் நாள் முடிவில் பிள்ளை மலர்ச்சியாக இருக்கும் நேரம் தானாகவே தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது காலை ஏழு முதல் பத்தரை, சாயங்காலம் நாலு முதல் ஆறரை. சென்னை வெயிலுக்கும் அதே நேரம்தான் ஒத்துவருகிறது.

அந்த நேரத்திலிருந்து பயண நேரத்தைக் கழியுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குத் தூங்கும் பிள்ளை, போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால், எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்கி, பத்தே முக்காலுக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். அது போதும்.

வயதும் முக்கியம். ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வெளிக்காற்றும் மர நிழலும் புது முகங்களுமே பெரிய காட்சி. அந்தப் பயணம் உண்மையில் உங்களுக்காக, பிள்ளை பெற்ற பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அம்மாவுக்காக. அதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஒன்றரை முதல் மூன்று வரை ஓட வேண்டும், அள்ள வேண்டும், கொட்ட வேண்டும். மணல், தண்ணீர், புல்தரை இருந்தால் போதும், காசு கொடுத்துக் காட்டும் எதையும் இந்த வயதில் பெரிதாக மதிக்காது. மூன்று வயதுக்கு மேல் "ஏன்?" தொடங்கும். அருங்காட்சியகமும் பாம்புப் பண்ணையும் அப்போதுதான் பிடிபடும்.

படி 2: விடுமுறை நாளைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்

மூடிய வாசலில் நின்று "இன்னைக்கு லீவு கண்ணா" என்று ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்கும் வேதனையை நான் அனுபவித்திருக்கிறேன். ஆகவே இதை எங்காவது எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மெரினா கலங்கரை விளக்கம், பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்து ரயில் அருங்காட்சியகம், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணை ஆகியவற்றுக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதன் பக்கத்துப் பாம்புப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம். அடையாறு பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) தோட்டத்துக்கு ஞாயிறு. பண்டிகை வாரங்களில் இந்த நாட்கள் மாறும் என்பதால், கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

முடிந்தால் வார நாளில் போங்கள். அரை நாள் விடுப்பு எடுத்துப் புதன்கிழமை காலை போனால், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் தொலைத்திருக்கும் பொறுமை முழுதாகக் கையில் இருக்கும்.

படி 3: போகிற வழியையே விளையாட்டாக்குங்கள்

என்னைக் கேட்டால், இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சவாரி பறக்கும் ரயில்தான். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, பிறகு வேளச்சேரி வரை நீண்ட அந்தத் தடத்தில், ஞாயிறு காலையில் ஜன்னலோர இடம் எளிதாகக் கிடைக்கும். சேப்பாக்கம் விளையாட்டு மைதானம், திருவல்லிக்கேணி மொட்டைமாடிகளில் காயும் துணி, கீழே பக்கிங்காம் கால்வாய், பசுமைவழிச் சாலை தாண்டியதும் அடையாறு என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஆற்றைக் கடக்கும்போது "இப்ப தண்ணி வரப்போகுது" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காத்திருந்து பார்ப்பதில் பிள்ளைக்கு இருக்கும் சந்தோஷம் தனி. எங்கும் இறங்காமல் கடற்கரையிலிருந்து வேளச்சேரி போய் அதே ரயிலில் திரும்பி வந்த நாட்கள் எங்களுக்கு உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது. நிலையங்களில் படிகள் அதிகம் என்பதால் தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தள்ளுவண்டிதான் வேண்டுமென்றால் மெட்ரோ. மின்தூக்கி இருக்கிறது, நடைமேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டம். 90 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் பெரியவர்களோடு இலவசமாகப் போகலாம். மாநகரப் பேருந்திலும் ஐந்து வயது வரை டிக்கெட் வேண்டாம். சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் அம்மாவுக்கும் வேண்டாம்.

ஆட்டோவில் பிள்ளையை நடுவில் உட்கார வையுங்கள், ஓரத்தில் வேண்டவே வேண்டாம். இரு சக்கர வாகனம் என்றால், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைக்குத் தலைக்கவசமும் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பெட்ரோல் டாங்க் மேல் பிள்ளையை நிற்க வைத்து ஓட்டுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பஸ்ஸில் போக முடிந்தால் பஸ்ஸில் போங்கள்.

படி 4: பை

ஒரே பை, முதுகில் மாட்டுவது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். எங்கள் பையில் எப்போதும் இருப்பவை: பிள்ளைக்கு ஒரு மாற்றுத் துணி, மண்ணிலோ கடலிலோ விளையாடப் போனால் இரண்டு. டயபர் இரண்டு. பழைய பருத்தித் துண்டு ஒன்று. அது போர்வை, விரிப்பு, திரை, துடைப்பு எல்லாமும் ஆகும். தண்ணீர் பாட்டில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று, தொப்பி, காலி துணிப்பை (அழுக்குத் துணிக்கு), கொசு கடிக்காமல் இருக்க முழுக்கால் சட்டை.

சாப்பாட்டுக்கு இட்லியில் எண்ணெய்ப் பொடி தடவி டப்பாவில் வைத்தால் சிந்தாது, கெடாது. தயிர்சாதம் காலை வேளைக்கு மட்டும். கோடையில் மதியம் வரை வைத்திருந்தால் புளித்துவிடும். வெளியில் வாங்குவதில் இளநீரும் நுங்கும் நம்பகமானவை. ஒரு எச்சரிக்கை: வேர்க்கடலை, முழுப் பட்டாணி, உடையாத திராட்சை, கெட்டி மிட்டாய் இவற்றை நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அப்படியே கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே மெல்லும்போது மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். சுண்டல் வாங்கினால் பட்டாணியை விரலால் நசுக்கிவிட்டுக் கொடுங்கள். உடைந்த பலூன் துண்டும் இதே அளவுக்கு ஆபத்தானது. உடைந்த உடனே பொறுக்கிவிடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் கிளம்புவதற்கு முன் பால் கொடுத்துவிட்டு இறங்குங்கள். 2015 முதல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்திருக்கிறது. பூங்காக்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அங்கே மேலே சொன்ன துண்டுதான் துணை.

படி 5: இடங்கள்

*கடற்கரை*

மெரினாவில் பலரும் மறந்துவிடுவது அதன் அகலம். சாலையோரத்திலிருந்து அலை வரைக்கும் சராசரியாக 300 மீட்டர் மணல். பெரியவர்களுக்கே கால் வலிக்கும். இரண்டு வயதுக் கால்களுக்கு அது ஒரு பாலைவனம். போகும்போது உற்சாகத்தில் ஓடிவிடும், திரும்பும்போது முழுக்கத் தூக்கித்தான் வர வேண்டும். அதனால் மூன்று வயதுக்குள் என்றால் பெசன்ட் நகர் அல்லது திருவான்மியூர் கடற்கரைதான் என் தேர்வு. சாலையிலிருந்து தண்ணீர் கிட்டே. மெரினாதான் என்றால், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் கடலைக் கிட்டே போய்ப் பார்க்கட்டும் என்று 2022-இல் அமைத்த பாதை அது. கூட்டமில்லாத காலையில் நாமும் பிள்ளையோடு நடக்கலாம். சக்கர நாற்காலி வந்தால் முதலில் ஒதுங்கி வழி விட வேண்டியது நாம்தான்.

நம் கடல் கிழக்கே இருப்பதால் சாயங்காலம் சூரியன் முதுகுக்குப் பின்னால், ஊருக்குள் இறங்கும். கண் கூசாது. கோடையிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கிவிடும். நாலரைக்கு முன்னால் மட்டும் இறங்காதீர்கள், மணல் சுடும். காலை என்றால் சூரியோதயத்துக்கே போய்விடலாம். எப்படியும் அந்நேரத்துக்கு எழுந்து நம்மை எழுப்பும் பிள்ளைகள்தானே!

பொம்மைக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் வாளி செட் வேண்டாம். ஒரு கொட்டாங்குச்சி, ஒரு பழைய கரண்டி, ஒரு டம்ளர் போதும். அலை வந்து போன ஈர மணலில் குழி தோண்டச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். என் மகன் அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கிறான். முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்ட விடாதீர்கள், மணல் சரியும். ஈர மணலில் கடுகளவு, மிளகளவு மண் உருண்டைகள் கோலப் புள்ளி போலப் பரவிக் கிடக்கும். குட்டி நண்டுகள் மணலை வாயில் போட்டு உணவை எடுத்துக்கொண்டு உருட்டிப் போட்டவை அவை. அசையாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்க்கும். "சத்தம் போட்டா நண்டு வராது" என்று சொன்னால் எங்கள் வீட்டுச் சத்தக்காரனும் வாயைப் பொத்திக்கொள்கிறான்.

கடலில் குளிக்கத் தடை இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே கரையோரமே ஆழம் சட்டென இறங்கும், நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பது மட்டும் போதும். அப்போதும் பிள்ளைக்குக் கடல் பக்கமாக நீங்கள் நில்லுங்கள், விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் வழுக்கும். அந்த நேரத்தில் போன் பையில் இருக்கட்டும். திரும்பும்போது ஒட்டிய மணலை ஈரத்தோடு தேய்த்தால் தோல் எரியும். காயவிட்டுத் தட்டினால் தானே உதிரும்.

கலங்கரை விளக்கம் நாலு வயதுக்கு மேல் அருமையான இடம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த இந்தக் கோபுரம் 1977-இல் செயல்பாட்டுக்கு வந்தது. மின்தூக்கியில் மேலே போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறுபக்கம் முழுக்க ஊர். மதிய இடைவேளை விடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

*வண்டலூர், அல்லது அதற்கு முன்னால் கிண்டி*

சென்னையின் மிருகக்காட்சி சாலை 1855-இல் தொடங்கியது. சென்ட்ரல் பக்கம் வெகுகாலம் இருந்து, 1985-இல் வண்டலூருக்குப் போனது. இப்போதைய பரப்பு 602 ஹெக்டேர். இந்த எண்ணை மனதில் வையுங்கள், ஏனென்றால் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையைக் கைவிட இது உதவும். முந்தின இரவு பிள்ளையிடம் நான்கு விலங்குகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். படம் வரைந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே உள்ளே போய், அந்த நாலை மட்டும் பாருங்கள். விலங்குகளும் அப்போதுதான் நடமாடும், பத்தரைக்கு மேல் நிழலில் படுத்துவிடும். பேட்டரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. நீர்யானை முன்னால் பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மூக்கு மட்டும் தெரிகிறது, மூழ்குகிறது, எத்தனை எண்ணுவதற்குள் மேலே வருகிறது என்று எண்ணுங்கள். என் மகளுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரிந்தது அங்கேதான்.

உள்ளே பிளாஸ்டிக் பைகள் கொண்டுபோக முடியாது, எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு எடுத்துப் போங்கள். புறநகர் ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்கலாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கத்தில்தான்.

மூன்று வயதுக்குள் என்றால் வண்டலூரை ஒத்திவையுங்கள். கிண்டி சிறுவர் பூங்கா அளவில் சின்னது, நிழல் அதிகம், ஊருக்கு நடுவில். சுமார் 270 ஹெக்டேர் காடு ஒரு மாநகரத்துக்குள் தேசியப் பூங்காவாக இருப்பது நம் ஊருக்குக் கிடைத்த வரம். அதன் ஓரத்தில்தான் இந்தச் சிறுவர் பூங்கா. 2024-இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். புள்ளிமானையும் வெளிமானையும் வேறுபடுத்திக் காட்டுங்கள்: வெளிமான் கிடாவுக்கு முதுகு கருமை, கொம்பு முறுக்கு முறுக்காக இருக்கும்.

பக்கத்துப் பாம்புப் பண்ணையைப் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் தொடங்கினார். நாலு வயதுப் பிள்ளைக்கு அங்கே கற்றுக்கொடுக்க வேண்டியது நாலு பெயர்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்கும்தான் காரணம். அதோடு சாரைப்பாம்பையும் காட்டி, இதற்கு விஷமில்லை, எலியைத் தின்று நமக்கு நன்மை செய்கிறது என்று சொல்லுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்க ஓடாமல், தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று அந்த வயதில் மனதில் பதிந்தால் காலத்துக்கும் நிற்கும். பூங்காவும் பண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

*வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும்*

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பிள்ளை பெற்றவர்கள் இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய பகுதி. நடுவே ஒரு பெரிய செயற்கை மரம், அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் குளிர்ச்சியான இடத்தில், காசில்லாமல், இரண்டு மணி நேரம் கழிக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் படப் புத்தகம் போதும். மடியில் வைத்து மெல்லிய குரலில் படித்துக் காட்டுங்கள். பிள்ளையே அலமாரியிலிருந்து எடுக்கட்டும், தலைகீழாகப் பிடித்தாலும் விடுங்கள். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் இறங்கினால் பக்கம். முதல் முறை அரை மணி நேரத்திலேயே கிளம்பிவிட்டோம். ஐந்தாவது முறை போனபோது நாங்கள்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-லிருந்து இருக்கிறது. வளாகத்தில் பல கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் போகாதீர்கள். நேராகத் திமிங்கில எலும்புக்கூட்டைப் பாருங்கள். அதன் பக்கத்தில் நின்று, அம்மா எத்தனை பேர் படுத்தால் இந்த நீளம் வரும் என்று கேளுங்கள். பிறகு சிறுவர் அருங்காட்சியகம், வெளியே டைனோசர் உருவங்கள். தெம்பு மிஞ்சினால் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் ஒரே ஒரு நடராசர். அதே மாதிரி ஒற்றைக்காலில் நிற்க முடிகிறதா என்று பிள்ளை முயன்று பார்க்கட்டும்.

ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம். பழைய நீராவி எஞ்சின்கள், ஏறிச் சுற்றிவர ஒரு குட்டி ரயில். இங்கே நிழல் குறைவு, சாயங்காலம் போங்கள். பிர்லா கோளரங்கம் ஐந்து வயதுக்கு மேல்தான். கதவு மூடி இருட்டாகும்போது சின்னதுகள் பயப்படும். தமிழில் நடக்கும் காட்சி நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

*பூங்காக்கள்*

பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பூங்காதான் வாரத்தில் நாலு நாளைக் காப்பாற்றுகிறது. அதைத் தாண்டிப் போக நினைத்தால், மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா, ஜெமினி மேம்பாலம் பக்கம் பழைய டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா. அந்த டவர் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. பல ஆண்டு மூடிக் கிடந்து 2023-இல் மறுபடி திறந்தார்கள். பன்னிரண்டு அடுக்கு ஏறுவதைப் பெரிய பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, கீழே விளையாடுங்கள். தள்ளுவண்டிக்கு உகந்த நடைபாதை தேடுபவர்கள் பாண்டி பஜாருக்குக் காலை வேளையில் போகலாம்.

பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாய் மரம் 1989-இல் சாய்ந்துவிட்டது. ஆனால் விழுதுகள் ஊன்றி மரமாகி இன்றும் நிற்கின்றன. "அம்மா மரம் போயிடுச்சு, பிள்ளை மரமெல்லாம் நிக்குது" என்று நான் சொல்ல, மகள் ஒவ்வொரு விழுதையும் தொட்டுக்கொண்டே நடந்தாள். அங்கே ஓட்டமும் கூச்சலும் கூடாது, சாப்பாடும் கூடாது. அதைப் பொறுக்கும் வயது வந்த பிறகு போங்கள்.

*கிழக்குக் கடற்கரைச் சாலை*

1996-இல் தொடங்கிய தட்சிணசித்ராவில் தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரத்துப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். திண்ணை, முற்றம், தூண் எதையும் தொட்டு விளையாடலாம். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குத் திண்ணை என்றால் என்ன என்று உட்கார்ந்து காட்டிவிடலாம். குயவர் சக்கரத்தில் கை வைக்கும் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இன்னும் தள்ளி இருக்கிறது. வண்டியில் தூங்கும் பிள்ளை என்றால் தூரம் பிரச்சினை இல்லை. வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் இரண்டையும் இன்னொரு வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

படி 6: பருவம் பார்த்துப் போங்கள்

மார்கழி அதிகாலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலம். பொங்கலை ஒட்டிப் புத்தகக் கண்காட்சி, தீவுத்திடலில் பொருட்காட்சி. இரண்டுக்கும் வார நாளில் கதவு திறக்கும் நேரத்திலேயே. குளிர்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவைகள். நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் சின்னக் கண்ணுக்கும் எளிதில் தென்படும். புரட்டாசியில் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள். ஒவ்வொரு வருடமும் பிள்ளை தேர்ந்தெடுக்கும் ஒரு பொம்மை என்று நாங்கள் வாங்கி வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நூலகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று மட்டும் கடற்கரைக்கும் வண்டலூருக்கும் சின்னப் பிள்ளையோடு போகவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலானது ஆமைக்குஞ்சுகள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் இரவில் வந்து முட்டையிடுகின்றன. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இரவிரவாக நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட காப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சாயங்காலங்களில் பெசன்ட் நகர் கரையில் அவற்றைக் கடலில் விடுவார்கள். இரவு நடை சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது, ஆனால் இந்த மாலை நிகழ்ச்சி அவர்களுக்காகவே அமைந்த மாதிரி. கயிற்றுக்குப் பின்னால் உட்கார வேண்டும், டார்ச்சும் கேமரா ஃபிளாஷும் கூடாது. வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்கும் குஞ்சுகள் நம் வெளிச்சத்தில் வழி தவறிவிடும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு உயிர் துடுப்பை அடித்து அடித்து, அலை வந்து புரட்டிப் போட்டாலும் திரும்ப எழுந்து போவதைப் பார்த்த என் மகள், "அதோட அம்மா எங்க?" என்று கேட்டாள். நெடுநேரம் பதில் சொல்ல வரவில்லை எனக்கு.

படி 7: தொலையாமல் பார்த்துக்கொள்ள

கிளம்பும்முன் பிள்ளையை ஒரு போட்டோ எடுங்கள். தொலைந்தால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவு வராது. முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் பிள்ளைகள் கையில் அடையாளப் பட்டை கட்டுவதும் இதற்காகத்தான். மூன்று வயதானதும் அம்மா பெயர், அப்பா பெயர், போன் எண் மூன்றையும் பாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "என்னைக் காணலைன்னா நின்ன இடத்துலயே நில்லு, நான் வந்துடுவேன்" என்பதை ஒவ்வொரு முறையும் வாசலிலேயே சொல்லுங்கள். இரண்டு பெரியவர்கள் போனால் எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று இருவரும் நினைக்கும் நொடியில்தான் பிள்ளை நழுவும். அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவி எண் 1098.

படி 8: திரும்புவது

அழுகை தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள். கண் கசக்குவது, காதை இழுப்பது, காரணமில்லாமல் தரையில் உட்காருவது எல்லாம் அறிகுறிகள். திடீரென்று தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போறோம்" என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த மூன்றை நீங்களும் மீறக் கூடாது. வண்டி ஏறுமுன் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், பாதி வழியில் தூங்கினாலும் வயிறு நிறைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். மகள் இப்போது அந்த டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று தம்பிக்குச் சொல்கிறாள். வண்டலூர் டிக்கெட் மட்டும் இரண்டு இருக்கிறது. முதலாவதை எடுத்துக் காட்டி இன்னமும் "அணில்" என்றுதான் சொல்கிறாள். இரண்டாவதுக்கு நீர்யானை, இருபத்தாறு எண்ணும்வரை தண்ணீருக்குள் இருந்தது.